மூல வைகையைத் தேடிப் போய் மணலைப் பார்த்து வந்த கதை

எங்கள் ஊரிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தே போய்விடலாம். இங்கே ஆற்றங்கரை என்பது ஓர் ஊரின் பெயர். வைகை பாக் விரிகுடாவில் கலப்பதாக வரைபடங்கள் காட்டுகிற இடம் அதுதான். 'கலப்பதாகக் காட்டுகிற' என்று நான் சுற்றி வளைத்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. ஆற்று நீர் அங்கே உண்மையிலேயே கடலுக்குள் பாய்ந்ததை என் கண்ணால் பார்த்தது ஐந்தாறு முறைக்கு மேல் இராது. மற்ற நாட்களில் கடல்தான் ஆற்றுக்குள் ஏறி நிற்கும்; சிறுவர்கள் அந்த உப்புத் தண்ணீரில் நண்டு பிடிப்பார்கள். செந்நிறப் புதுவெள்ளம் முகத்துவாரத்து மணல் மேட்டை அறுத்துக்கொண்டு போன ஒரு வருடத்தில், அந்தப் பருவம் முழுவதும் கரையோரத்தில் இறால் கொட்டியது என்று என் அப்பா தம் கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீர் கடலில் இறங்கினால் இறால் சேரும் என்பது எங்கள் பகுதி மீனவர்களுக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டிய விஷயம் அன்று.

ஆற்றின் வாலில் குடியிருப்பவனுக்கு ஆறு என்பது பெரும்பாலும் நாளிதழில் வரும் ஓர் எண். வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. முழுக் கொள்ளளவு 71 அடி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் வீட்டில் காலைத் தேநீரோடு இந்த எண்தான் முதலில் வாசிக்கப்படும். கரையோரத்து ஊர்களுக்கு அது அபாய எச்சரிக்கை. எங்களுக்கோ நல்ல செய்தி. இத்தனைக்கும் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது வைகை நீர்கூட இல்லை, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரி நீர். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

பாற்கடல் சிவபெருமானுக்கு நஞ்சைக் கொடுத்துவிட்டது. அந்தப் பாவம் செய்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை விலகிக்கொண்டது என்று பழம்புலவர் ஒருவர் பாடியதாகப் பள்ளியில் தமிழாசிரியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அழகான கற்பனைதான். ஆனால் கண்மாய்க் கரையில் வளர்ந்தவனுக்கு உண்மைக் காரணம் அதைவிட அழகாகத் தெரியும். பார்த்திபனூர் மதகு அணையிலிருந்து இடமும் வலமும் பிரிந்து, கால்வாய்களில் ஓடி, ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போய், அங்கும் மறுகால் பாய்ந்து, எஞ்சிய தண்ணீரை இராமநாதபுரம் பெரிய கண்மாய் வாங்கிக்கொள்ளும். அதுவும் நிறைந்து மிச்சம் இருந்தால்தான் கடலுக்கு. அரசர் காலத்திலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் ஒரு மடை, ஒரு வரத்துக்கால் என்று வெட்டிச் சேர்த்து ஓர் ஆற்றைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்திருக்கிறார்கள். 258 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு கடலைத் தொடாமல் போவது குறை என்று வெளியூர்க்காரர்கள் பரிதாபப்படும்போது எனக்குச் சற்று எரிச்சல் வரும். கடலைத் தொடாதது எங்கள் கெட்டிக்காரத்தனம். கண்மாயையே தொடாமல் போவதுதான் குறை.

இப்படி வாலைப் பற்றி இவ்வளவு பேசுகிறவன் தலையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லையே என்ற உறுத்தல் வெகுநாளாக இருந்தது. என் தங்கையைத் தேனி மாவட்டத்துச் சின்னமனூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை வாழைத்தார் வியாபாரம் செய்கிறார். "மச்சான், ஆற்றின் தலையைப் பார்க்கணும் பார்க்கணும் என்று பதினைந்து வருஷமாகச் சொல்கிறீர்கள், தலை அங்கேயேதான் இருக்கிறது, நீங்கள்தான் வரவில்லை" என்று சென்ற ஆண்டு புரட்டாசி கடைசியில் அவர் தொலைபேசியில் கேலி செய்தார். மறுநாளே பேருந்து ஏறிவிட்டேன்.

இராமநாதபுரத்திலிருந்து மதுரை வரையில் சாலையும் ஆறும் ஏறக்குறையச் சேர்ந்தே போகின்றன. பரமக்குடி, பார்த்திபனூர், மானாமதுரை, திருப்புவனம் என்று ஒவ்வோர் ஊரிலும் பாலத்தின் மேலிருந்தோ சன்னல் வழியாகவோ வைகையைப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் ஒரே காட்சிதான்: அகன்ற மணல், நடுவே நாணல், கரையோரம் சீமைக்கருவேலம். மதுரையைத் தாண்டி, உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறி இறங்கியபோதுதான் காற்றில் ஈரம் தெரிந்தது. எங்கள் பக்கத்துக் காற்றிலும் ஈரம் உண்டு. ஆனால் அது சட்டையில் ஒட்டுகிற உப்பு ஈரம். இது வேறு.

முதலில் வைகை அணை. 1959-இல் திறக்கப்பட்ட இந்த அணை 111 அடி உயரம். அணைக்குக் கீழே ஆற்றின் இரு கரையிலும் பூங்கா அமைத்து, நடுவில் ஒரு தரைப்பாலத்தால் இணைத்திருக்கிறார்கள். தண்ணீரை அதிகமாகத் திறந்துவிட்டால் அந்தப் பாலம் மூழ்கிவிடும். மதுரை, தேனி வட்டாரத்துப் பிள்ளைகள் அனைவரும் பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறையாவது வந்து போன இடம். நீரூற்றுகள், பொம்மைகள், ஊஞ்சல்கள். என்னைப் பொறுத்தவரை அங்கே பார்க்கத் தகுந்தது ஒன்றுதான். அணையின் நீர்மட்டம் எழுதியிருந்த இடத்தின் முன்னால் போய் நின்றேன். எத்தனையோ ஆண்டுகளாக நாளிதழில் பார்த்த எண், கறுப்புப் பலகையில் வெள்ளைச் சுண்ணாம்பில், ஒரு மனிதர் தம் கையால் எழுதிய கோணல் எழுத்தில் இருந்தது. பூங்காவுக்கு வந்திருந்த குடும்பங்கள் பொம்மைகளின் முன் படம் எடுத்துக்கொண்டிருந்தன. நான் அந்தப் பலகையைப் படம் எடுத்தேன்.

மேகமலைக்கு மறுநாள் காலை புறப்பட்டோம். சின்னமனூரிலிருந்து தென்பழனி வனச் சோதனைச்சாவடி வரை வாழைத் தோட்டங்களும் தென்னையும், அதன்பின் மலைச்சாலை. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பழந்தமிழ் இலக்கியத்தில் வரும் பூக்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். எண் மட்டும் எழுதிச் செல்லும் வழக்கமான சாலைப் பலகைகளுக்கு நடுவில் இதைச் சிந்தித்தவர் யாராயினும் அவருக்கு ஒரு வணக்கம். இருட்டியபின் வண்டிகளை விடுவதில்லை, யானை நடமாட்டம். மலைக்கு மேலே ஒரு விடுதியில் முன்கூட்டியே பேசி அறை உறுதி செய்திருந்தோம். நேரில் போனதும் "அப்படி யாரும் பேசவில்லையே" என்று கைவிரித்துவிட்டார்கள். இந்தக் கோபத்தில் ஒரு மணி நேரம் வீணாயிற்று. கடைசியில் மாப்பிள்ளையிடம் வாழை வாங்குகிற ஒருவரின் உறவினர் வீட்டுத் திண்ணையில் படுத்து எழுந்தோம். ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று.

மேகமலையை அந்தக் காலத்தில் பச்சைக்கூமாச்சி என்பார்கள். ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் 'ஹைவேவிஸ்' என்றார்கள், அதாவது உயர்ந்த அலைமலைகள். பேரூராட்சியின் பெயரே இன்றும் ஹைவேவிஸ்தான். கடலோரத்திலிருந்து போன எனக்கு அந்தப் பெயர் உடனே புரிந்தது. வாடைக்காலத்தில் எங்கள் கடலில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வரும் அலைகள் அப்படியே பச்சை நிறத்தில் உறைந்து நின்றால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கின்றன தேயிலைச் சரிவுகள். அந்த அலைகளின் மடிப்புகளில் ஏரிகள். மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, தூவானம் என்று பெயர்களைச் சொன்னாலே ஈரம் சொட்டும். தென்மேற்குப் பருவமழை முடிந்த கையோடு போனதால் எல்லாம் கரை ததும்ப நின்றன. நான் ஏரிக்கரையில் உட்கார்ந்து, "இத்தனை தண்ணீரை இயற்கை மலை உச்சியில் கொண்டுவந்து வைத்திருக்கிறதே" என்று வாய்பிளந்தபோது மாப்பிள்ளை சிரித்தார். "மச்சான், இது எதுவும் ஏரி இல்லை. எல்லாம் அணை. அந்தக் கோடியில் பாருங்கள், சுவர் தெரிகிறது."

அவர் சொன்னது சரிதான். சுருளியாறு நீர்மின் திட்டத்துக்காக மலை ஓடைகளை ஆங்காங்கே மறித்துச் சிறு அணைகள் கட்டி, தண்ணீரைக் குழாய்கள் வழியாக மலைச்சரிவில் இறக்கி, அடிவாரத்தில் 35 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது ஏரி. மின்வாரியத்துக்கு அது தொட்டி. சுருளி அருவியில் குளிக்க வருகிற ஆயிரக்கணக்கானவர்கள் தலையில் விழும் தண்ணீருக்கும் தூவானத்துக்கும் தொடர்பு உண்டு. சுருளியாற்றின் வழியாக அது கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, கடைசியில் வைகை அணைக்கு வந்து சேரும். ஆக நான் கரையில் உட்கார்ந்து கால் நனைத்த தண்ணீருக்கும் எங்கள் கண்மாய்க்கும் உறவு உண்டு என்றாலும், அது ஒன்றுவிட்ட உறவு.

தோட்டத்துக்கும் காட்டுக்கும் இடையில் ஒரு பழைய ஒற்றையடிப் பாதையில், தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தோம். அவர் அனுமதி உள்ள எல்லையைத் தாண்டவிடவில்லை. தேயிலை முடிந்து சோலை தொடங்குகிற கோட்டைக் காலால் உணர முடிகிறது. தேயிலைக்கு நடுவே மண் காலுக்குக் கீழே இறுகி இருக்கிறது. மழைநீர் மேலாகவே வழிந்து ஓடிவிடுகிறது. நாலடி தள்ளிச் சோலைக்குள் கால் வைத்தால் மெத்தையில் வைத்தது போல் அமுங்குகிறது. பெரியவர் குனிந்து ஒரு கை மக்கிய இலையை அள்ளிப் பிழிந்து காட்டினார். மழை பெய்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அந்தப் பிடியிலிருந்து விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது, தேநீர் நிறத்தில், ஏழெட்டுச் சொட்டுகள். ஓடைகள் மழை நின்றபின்னும் மாதக்கணக்கில் ஓடுவது இந்தப் பிடியளவு தண்ணீரின் கூட்டுத்தொகைதான். ஆற்றின் தலையைப் பார்க்கப் போனவன், எங்காவது பார்த்தேன் என்று சொல்வதானால், அந்தக் கையில்தான் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் என் காலுறைக்குள் ஏதோ குளிர்ந்தது. கழற்றிப் பார்த்தால் கணுக்காலில் மூன்று அட்டைகள். ஒன்று குடித்து முடித்துத் திராட்சைப்பழம் போல் உருண்டு, தானே விழுந்துவிட்டது. மற்ற இரண்டும் விடவில்லை. பெரியவர் இடுப்பிலிருந்து உப்பும் புகையிலையும் கலந்து கட்டிய ஒரு துணி முடிச்சை எடுத்துத் தண்ணீரில் நனைத்து ஒற்றினார். உடனே சுருண்டு விழுந்தன. உப்பளங்கள் விரிந்து கிடக்கும் மாவட்டத்திலிருந்து மலையேறப் போனவனுக்கு ஒரு கைப்பிடி உப்பு எடுத்துப் போகத் தோன்றவில்லை. இரத்தம் நிற்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அந்தக் காட்டின் செல்வங்களைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்லி நகர்கிறேன். 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் இந்த மலையில் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அது ஏதோ தெரிந்த இனம் என்று ஒரு பெட்டியில் கிடந்தது. 1972-இல்தான், அது உலகில் வேறு யாரும் அறியாத ஒரு பேரினம் என்று கண்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரை வைத்தார்கள். ஓர் உயிர் காட்டிலிருந்து வெளியே வந்த பிறகும் இருபத்துநான்கு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. காட்டுக்குள்ளேயே இருப்பவற்றின் கதையை எண்ணிப் பார்க்கலாம். சோலைமந்தியும் இருவாச்சியும் உண்டு என்றார்கள். எங்களுக்கு இருவாச்சியின் சிறகொலி மட்டும் வாய்த்தது. பழைய நீராவி எந்திரம் மூச்சு விடுவது போல் தலைக்கு மேலே கடந்து போயிற்று.

மலையிலிருந்து இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தபோது, பாலத்தின் கீழே ஓர் ஆறு இரு கரையும் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. இரு பக்கமும் நெல் நாற்று. இதுதான் வைகையா என்று கேட்டேன். இல்லை, முல்லைப் பெரியாறு. கேரளத்துப் பக்கம் ஓடி அரபிக் கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய தண்ணீர். 1895-இல் அந்த அணையைக் கட்டி முடித்த ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரை இந்தப் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு இன்றும் வைக்கிறார்கள். கடைகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் தொங்குகிறது. அது நியாயமே.

ஆனால் எங்கள் சீமைக்காரனாகிய எனக்கு இங்கே ஒரு சொல் சேர்க்க உரிமை உண்டு. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று முதலில் நினைத்துப் பார்த்தது இராமநாதபுரம் சேதுபதியின் அரசவை. முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாக, அதாவது அமைச்சராக, இருந்த முத்திருளப்ப பிள்ளை 1789-இல் இதற்காக மலைக்கு ஆட்களை அனுப்பிப் பார்க்கச் செய்தார். பணம் பற்றாமல் திட்டம் நின்றுபோயிற்று. 1808-இல் கால்டுவெல் என்ற பொறியாளர் பார்த்துவிட்டு இது நடவாத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். நடக்கும் என்று ஆகச் சேதுபதியின் காலத்திலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. யோசனை எங்கள் வறட்சியில் பிறந்தது என்பதில் எனக்கு வியப்பே இல்லை. எங்கே மழை இல்லையோ அங்கிருந்துதான் மலையைக் குடையும் எண்ணம் வரும்.

மூன்றாம் நாள்தான் மூல வைகை. இதற்குத்தான் வந்தேன், முன்னிரண்டு நாளும் இதைச் சுற்றி நடந்தவைதான். தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று போகும் பாதை. சுற்றுலாப் பேருந்து எதுவும் இந்தப் பக்கம் வருவதில்லை. முதல்நாள் பார்த்த பச்சை ஏதோ கனவு என்று ஆகிவிட்டது. ஒரே மலைத்தொடரின் மேற்குச் சரிவு தென்மேற்குக் காற்றின் மழையை அள்ளிக்கொள்கிறது. கிழக்கே இந்தப் பள்ளத்தாக்கு மழைமறைவில் கிடக்கிறது. இதற்கு வடகிழக்குப் பருவமழைதான் கதி, எங்களைப் போலவே. இலவ மரங்கள், கொட்டை முந்திரி, ஆங்காங்கே மானாவாரி. வீட்டு வாசல்களில் இலவம்பஞ்சு மூட்டைகள். மாப்பிள்ளை ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, "இதுதான் மச்சான்" என்றார்.

மணல். கரைக்குக் கரை மணல், நடுவே உருண்ட கற்கள், ஒரு மூலையில் நாணல். இரண்டு நாட்களுக்கு முன் பரமக்குடிப் பாலத்தின் மேலிருந்து நான் பார்த்ததற்கும் இதற்கும் வேறுபாடு என்று சொன்னால், அங்கே ஆறு அகலம், இங்கே குறுகல்; அங்கே மணல் நைசு, இங்கே பரல். அவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்து மாப்பிள்ளைக்குச் சங்கடமாகப் போயிற்று, ஏதோ அவர் வீட்டு விருந்தில் சோறு பற்றாமல் போனது போல.

ஆற்றுக்குள் இறங்கி நடந்தோம். வளைவு ஒன்றைத் தாண்டியதும் இரண்டு பெண்கள் மணலில் குழி தோண்டி ஊற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முழங்கை ஆழம்தான் குழி. அடியில் தண்ணீர் கசிந்து ஊறுவது கண்ணுக்குத் தெரிந்தது. கசியும் இடத்தில் மணல் துகள்கள் சிறிதாகக் கொதிப்பது போல் எழும்பி எழும்பி அமர்ந்தன. ஒரு சிரட்டையால் மெல்ல மொண்டு, வாயில் துணி கட்டிய குடத்தில் ஊற்றினார்கள். அவசரப்பட்டு ஆழ மொண்டால் கலங்கிவிடும். காத்திருந்து எடுக்க வேண்டும். இந்தக் கலையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அம்மா ஆற்றங்கரை மணலில் இதே ஆழத்தில், இதே சிரட்டையால், இதே போல் துணி கட்டிய குடத்தில் எடுத்திருக்கிறார். ஊற்றை இன்னும் இரண்டு விரற்கடை கூடத் தோண்டினால் எங்கள் பக்கம் உப்பு ஏறிவிடும் என்பது மட்டும்தான் வேறுபாடு. "எந்த ஊரு?" என்று கேட்டார்கள். இராமநாதபுரத்துக்கும் கிழக்கே, ஆறு கடலில் சேருகிற இடம் என்றேன். மூத்தவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அங்க தண்ணி வருதா?"

நான் என்ன பதில் சொல்வது? அவரும் அதே கேள்வியைத்தான் மலையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அங்கிருந்து மேலே, வெள்ளிமலை, அரசரடிப் பக்கம் போனால்தான் மூல வைகை பிறக்கும் காடு. போகவிடவில்லை. சோதனைச்சாவடியில் இருந்த வனக்காவலர் மரியாதையாகவே பேசினார், ஆனால் அசையவில்லை. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சாம்பல்நிற மலை அணிலுக்கான திருவில்லிபுத்தூர்ச் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்து, 1,016 சதுர கிலோமீட்டரில் புலிகள் காப்பகம் அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம். வைகையின் நீர்பிடிப்புக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மாப்பிள்ளை ஏதோ பேசிப் பார்க்க முனைந்தார். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஆற்றின் தலையைப் பார்க்க ஆசைப்படும் ஒவ்வொருவனும் மேலே ஏறி உட்கார்ந்தால் அங்கே தலை இராது. இதை என் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம், கடைமடைக்காரனின் சுயநலம்.

பதிலுக்குக் கோம்பைத்தொழு பக்கம் உள்ள சின்னச்சுருளி அருவிக்குப் போனோம். மேகமலையிலிருந்து இறங்கும் இந்த ஓடை மூல வைகையோடு சேர்வது. பாறையில் மெல்லிய தாரையாக விழுந்துகொண்டிருந்தது. இரு கைகளில் ஏந்திக் குடித்தேன்.

ஊர் திரும்பும் பேருந்தில் ஒரு கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வைகை அணைக்கு இரண்டு தண்ணீர் வருகின்றன. ஒன்று பெரியாற்றின் தண்ணீர், தென்மேற்குப் பருவமழை தந்தது, ஏறக்குறைய நம்பலாம். அது பெரியாறு பாசனப் பகுதிக்கு. மற்றொன்று வைகையின் சொந்தத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் வருசநாட்டில் பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. எங்கள் பங்குக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுவது இந்த இரண்டாவது தண்ணீர்தான். அணையிலிருந்து 'வைகை பூர்வீகப் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு' என்று செய்தி வருகிறதே, அந்தப் பூர்வீகப் பாசனத்தின் மூன்றாம் பகுதிதான் பார்த்திபனூர் மதகு அணையிலிருந்து இராமநாதபுரம் பெரிய கண்மாய் வரையிலான நிலம். பெரியாற்றைத் திருப்பலாம் என்று முதலில் எண்ணிய சீமைக்கு, கடைசியில் வாய்த்தது அந்தப் பழைய, நிச்சயமில்லாத மூல வைகைதான். மேகமலையின் ஏரிகளைப் பார்த்து நான் கொண்ட மகிழ்ச்சியில் பாதி அந்நியன் வீட்டுச் சொத்தைப் பார்த்து மகிழ்ந்தது போலத்தான். எங்கள் சொத்து, அந்தப் பெண்கள் சிரட்டையால் மொண்டுகொண்டிருந்த மணல். அதற்கு மேலே நான் பார்க்காத காடு.

கார்த்திகை இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு மாப்பிள்ளை பேசினார். வருசநாட்டில் மூன்று நாளாக விடாத மழை, மூல வைகையில் கரை தொட்டு வெள்ளம், நாம் நின்ற மணலில் இப்போது யானை இறங்கினாலும் நிற்காது என்றார். நான் நாட்களை எண்ணத் தொடங்கினேன். நாளிதழில் 66 வந்தது. பிறகு 68.5. பூர்வீகப் பாசனத்துக்குத் திறந்தார்கள். விரகனூர் தாண்டியது, மானாமதுரை தாண்டியது, பார்த்திபனூரில் பிரித்துவிட்டார்கள் என்று செய்திகள் வந்தவண்ணம் இருந்தன.

பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் வந்த அன்று காலையில் நானும் போய்க் கரையில் நின்றேன். முதலில் நுரையும் சருகும் பிளாஸ்டிக் புட்டிகளும் வந்தன. அதன்பின் காவி நிறத் தண்ணீர் ஓசையில்லாமல், வெடித்துக் கிடந்த களிமண்ணின் ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, நிரப்பி, அடுத்த வெடிப்புக்கு நகர்ந்தது. ஈசல் போல் காற்றுக் குமிழிகள் எழுந்தன. அடுத்த வாரத்திலேயே சக்கரக்கோட்டைக் கண்மாய்க்கு நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் வந்து கருவேல மரங்களில் இடம்பிடிக்கத் தொடங்கிவிட்டன. அந்தக் கண்மாயைப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 2025-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள்; நாரைகளுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

பெரிய கண்மாய் முக்கால் பங்கு நிறைந்தது. கலுங்கு வழியவில்லை. தை பிறந்தபின் ஒருநாள் ஆற்றங்கரைக்கு நடந்து போனேன். முகத்துவாரத்தில் மணல்மேடு அப்படியே இருந்தது. அதன் மேல் வலை உலர்த்தியிருந்தார்கள். இரண்டு சிறுவர்கள் உப்புத் தண்ணீரில் நண்டு தேடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து, கண்மாய் முக்கால், கடலுக்கு இந்த வருடமும் இல்லை என்று சொன்னேன். "அங்கே மூல வைகை எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். ஓட்டம் நின்றுவிட்டது, ஊற்று தோண்டத் தொடங்கிவிட்டார்கள் என்றார்.